கடைசி அத்தியாயத்தை நான் வாசித்த விதம்

போன மாதம் நம் வாசகர் வட்டத்தில் நாம் அப்போது வாசித்த நாவலைப் பற்றி ஒவ்வொருவராக எழுந்து பேசினீர்கள். வாயால் சொல்லக் கூசுகிற விஷயத்தை எழுதுகிற நாவல்தான் மனுஷனைத் திருத்தும் என்றார் ஒருவர். நாம் சரி என்று நினைத்துக்கொண்டிருப்பதை எல்லாம் அது பிடித்து உலுக்கிவிடும் என்றார் இன்னொருவர். எல்லாரும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். என் முறை வந்தபோது தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். தொண்டை நன்றாகத்தான் இருந்தது. நாலு பேர் முன்னால் சொந்தமாகப் பேச எனக்கு வராது. யாரோ எழுதியதைக் கையில் கொடுத்தால் வாசித்துவிடுவேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஏழாம் வகுப்பு முடித்த கோடை லீவில் அப்படி வாசித்து நான் செய்த காரியத்தை எழுதித் தருகிறேன். அடுத்த கூட்டத்தில் உங்களில் யாராவது வாசித்துவிடுங்கள்.

நம்மில் பாதிப் பேர் ஏறக்குறைய ஒரே வயது. பீடி சுற்றும் வீட்டில் பிறந்தவர்களும் இருப்பீர்கள். எங்கள் தெருவில் பெரியம்மா வீட்டு முன்னறைதான் பெரியது. காலையில் சோறு வடித்து ஆண்களை வேலைக்கு அனுப்பிவிட்டு ஆறேழு பெண்கள் ஆளுக்கொரு சுளகோடு அங்கே வந்து சுவரில் சாய்ந்து உட்காருவார்கள். என் அம்மாவும் அதில் ஒருத்தி. நனைத்த சாக்கில் சுற்றிவைத்த இலையின் வாடை, புகையிலைத் தூளின் காரம், இலையைக் கத்தரி நறுக்குகிற சத்தம். புதிதாக யாராவது உள்ளே வந்தால் மூன்று தும்மல் போட்டுவிட்டுத்தான் பேசுவார்கள். எங்களுக்குத் தும்மல் வராது. எங்கள் பாவாடை, தலைமுடி, சோறு எல்லாவற்றிலும் அந்த வாடைதான்.

அங்கே ஒரு ரேடியோ இருந்தது. சித்திரைக் கடைசியில் பெரியம்மா மகன் பம்பாய்க்கு வேலைக்குப் போகும்போது அதையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அதன் பிறகு அந்த அறையில் கத்தரிச் சத்தமும் ஊர்வம்பும்தான். ஊர்வம்பு எத்தனை நாளைக்கு வரும். ஒரு வாரத்தில் செத்தவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்போதுதான் மதினி அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள்.

மதினி என்று நான் சொல்வது தெருக்கடைசி வீட்டுத் தறிக்காரரின் மனைவியை. அவர் விசைத்தறிக் கூடத்தில் நெய்கிறவர். எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், அதனால் அவள் எனக்கு மதினி. ராயகிரிப் பக்கமிருந்து வந்தவள். கல்யாணம் கோயிலில் வைத்து நாலு பேரோடு முடிந்துவிட்டது, இரண்டாம் தாரமா முதல் தாரமா என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. இடது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கி மினுமினுப்பாக இருக்கும். அடுப்பில் பட்டது என்று சொல்லியிருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். அந்த அறையில் எழுத்துத் தெரிந்த பெண் அவள் ஒருத்திதான். என் அம்மாவுக்குத் தன் பெயரைப் போடத் தெரியும், பெரியம்மாவுக்குப் பெருவிரல் ரேகைதான்.

புத்தகத்துக்கு அட்டை இல்லை. முதல் சில பக்கங்களும் இல்லை. அதனால் அதன் பெயரோ எழுதியவர் பெயரோ எனக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. மதினியே வாசிக்கலாம்தான். ஆனால் அவள் கை மெது. வாசித்துக்கொண்டிருந்தால் பீடி நடக்காது. பெரியம்மா என்னைக் காட்டி, "இவ சும்மாதான இருக்கா. வாயத் தொறந்தாதான் தெரியும் ஊமையா இல்லையான்னு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் வாசித்தேன்.

என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்பது எனக்கே தெரியாது. வீட்டில் தண்ணீர் கேட்கக்கூட அம்மாவின் முந்தானையை இழுப்பேனே தவிரப் பேச மாட்டேன். புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் முடித்து நிமிர்ந்தால் ஏழு பெண்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அம்மா முகத்தில் ஒரு பெருமை. பெரியம்மா வீட்டில் முதல் காப்பி அன்றிலிருந்து எனக்கு வந்தது.

கதை இதுதான். ஒரு பெண், புருஷனின் அடி தாங்காமல் ஒரு விடியற்காலையில் வீட்டை விட்டுப் போகிறாள். இரண்டு வயதுப் பெண்குழந்தை தூங்குகிறது. அதைத் தூக்கவில்லை. தூக்கினால் பிடித்துவிடுவார்கள். ஒரு டவுனுக்குப் போய் அச்சாபீசில் தாள் மடிக்கிற வேலை பார்க்கிறாள். கதை முழுக்க அவள் அங்கே என்ன செய்தாள், என்ன நினைத்தாள் என்பதுதான். எழுதியவர் அவளைத் திட்டவும் இல்லை, தூக்கி வைக்கவும் இல்லை.

முதல் இரண்டு நாள் பெண்கள் அவளைக் கிழித்தார்கள். அதிலும் மூக்குத்தி அத்தை. இரண்டு பக்கமும் மூக்கு குத்தியிருப்பாள், அந்த அறையில் வேகமான கையும் வாயும் அவளுக்குத்தான். "நாய் கூட குட்டிய வாயில கவ்விக்கிட்டுத்தாம்ளா ஓடும். இவ என்ன பொம்பள" என்றாள். பெரியம்மா இந்தப் புத்தகம் வேண்டாம், சாமி கதை ஏதாவது இருந்தால் வாசிக்கச் சொல்லலாம் என்றாள். மதினி குனிந்து இலையை நறுக்கிக்கொண்டே, இன்னும் ரெண்டு நாள் கேட்டுப் பார்ப்போம் அக்கா என்று மட்டும் சொன்னாள்.

ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, ஒரு இடம் வந்தது. அந்தப் பெண் டவுனுக்கு வந்த முதல் நாள் முழுக்கத் தன் குழந்தை ஞாபகமே வரவில்லை, பசிதான் ஞாபகம் வந்தது என்று தனக்குத்தானே ஒத்துக்கொள்கிற இடம். நான் அர்த்தம் தெரியாமல் கடகடவென்று வாசித்துப் போனேன். கத்தரிச் சத்தம் நின்றுவிட்டது. யாரும் திட்டவில்லை. மூக்குத்தி அத்தை சுளகைப் பார்த்துக்கொண்டே பேசினாள். தன் மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தபோது மூன்று நாள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாளாம். பால் கட்டி மார் கல்லாகியும் பிள்ளையை வாங்கவில்லையாம். அந்தப் பிள்ளை அப்போது என் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். அத்தை மூக்கைச் சிந்தி, "தூள் காரம்" என்றாள். அவளுக்குத் தூள் காரம் தெரிகிறதாம்.

அன்றிலிருந்து எல்லாரும் அந்தப் பெண்ணுக்காக அழ ஆரம்பித்தார்கள். காலையில் வந்து உட்கார்ந்ததும், "பாவி மக நேத்து என்ன சாப்பிட்டாளோ" என்பாள் பெரியம்மா, பக்கத்துத் தெருப் பெண்ணைக் கேட்கிற மாதிரி. நீங்கள் போன மாதம் சொன்னதெல்லாம் அந்த அறையில் என் கண் முன்னால் நடந்தது. அதை நான் இல்லை என்று சொல்லவில்லை.

மதினி அதை எல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு சாயங்காலம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது மதினி என்னைக் கூட்டிப்போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினாள். அவளுடைய மாமியார் பூச்சந்தைக்குப் போயிருந்தாள். பெட்டியின் அடியில் ஒரு மஞ்சள் கவுன் இருந்தது. தறிக்கூடத்தில் விழுந்த துண்டுத் துணியில் அவளே கையால் தைத்தது. ஆறு வயதுப் பிள்ளை அளவு. என் உயரத்தைக் கையால் அளந்து, உன் இடுப்புக்கு இருப்பா என்றாள்.

"யாரு மதினி?"

"எம் மக."

ராயகிரியில் முதல் புருஷன் வீட்டில் இருக்கிறாளாம். கை வெந்தது அடுப்பில் இல்லையாம், அவன் அடுப்பில் பிடித்து வைத்ததாம். அன்றைக்கு ஒன்றரை வயதுப் பிள்ளையை விட்டுவிட்டுக் கிளம்பியவள். அந்தப் புருஷன் இப்போது இல்லை, செத்துவிட்டான். பிள்ளையை வளர்க்கிற அவன் தாய்க்கு உடம்புக்கு முடியவில்லை. பள்ளிக்கூடம் திறக்கிறதுக்கு முன்னால் கொண்டுவந்து விடுகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். தறிக்காரருக்கு எல்லாம் தெரியும், சம்மதம்தான். மாமியாருக்குத்தான் தெரியாது. தெருவுக்கும் தெரியாது. தெரு ஒத்துக்கொண்டால் மாமியார் வாயை மூடிக்கொள்வாள், தெரு காறித் துப்பினால் மாமியார் பிள்ளையை வாசல் ஏற விடமாட்டாள். அதற்காகத்தான் இந்தப் புத்தகம். கடைசி அத்தியாயம் வரை கேட்கட்டும், கேட்டு முடித்த அன்றைக்கே நான் சொல்லிவிடுவேன் என்றாள். இருந்த மூன்று புத்தகத்தில் இதைத் தேடித்தான் எடுத்தாளாம். பத்துத் தடவைக்கு மேல் படித்திருக்கிறாளாம்.

"ஒங்கிட்ட ஏன் சொல்லுதேன் தெரியுமா. நீதான் யார்ட்டயும் பேச மாட்டியே. ஜூன்ல அவளும் ஒங்கூடத்தான் பள்ளிக்கூடத்துக்கு வருவா. கையப் பிடிச்சிக் கூட்டிட்டுப் போவியா மக்கா?"

நான் தலையை ஆட்டினேன். அதுவரை தினமும் சாயங்காலம் என் தலையை வாரிப் பின்னிவிட்டவள் மதினிதான். அம்மாவுக்கு நேரம் கிடையாது. அன்றைக்கும் பின்னிவிட்டாள். பின்னும்போது மகளுக்கும் இப்படித்தான் அடர்த்தியான முடி என்றாள்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, அச்சாபீசில் தாள் மடிக்கிறதைப் பற்றியே நீளமாக வந்த இரண்டு பக்கத்தை நான் விட்டுவிட்டு வாசித்தேன். எனக்குச் சலிப்பாக இருந்தது. யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். மதினி சிரித்துக்கொண்டே, "தாயி, ரெண்டு பக்கத்த முழுங்கிட்ட" என்றாள். அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். மூக்குத்தி அத்தை பிடித்துக்கொண்டாள். "நாங்க பீடியில தூளக் கொறச்சா கடைக்காரன் மூஞ்சில எறியுதான். இவ கதையில கொறைக்காளே, இவள யாருளா கேக்கது" என்றாள். அறையே சிரித்தது. பெரியம்மா இன்றைக்குக் காப்பி கிடையாது என்றாள். அம்மா முதலில் சிரித்தாள், பிறகு எல்லாரும் சிரிக்கிறார்கள் என்பதற்காக என் தலையில் குட்டினாள். நான் விட்ட பக்கத்துக்குத் திரும்பிப் போய் வாசித்தேன். எழுத்தெல்லாம் நீரில் மிதந்தது.

அவ்வளவுதான். இதற்கு மேல் மதினி எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அந்தச் சிரிப்பு காரணமா, அந்த மஞ்சள் கவுன் காரணமா என்று இத்தனை வருஷம் யோசித்தும் எனக்குத் தெரியவில்லை. பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

கடைசி அத்தியாயம் வந்த அன்று மதினி குளித்து, தலையில் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். என்னட்டி விசேஷம் என்று கேட்டார்கள், சும்மாதான் என்றாள். அவளுக்குக் கையே ஓடவில்லை. ஒரு பீடியை மூன்று தடவை பிரித்துச் சுற்றினாள்.

புத்தகத்தில் அந்த அத்தியாயம் ரொம்பச் சின்னது. மகளுக்குப் பத்து வயதாகிறது. யாரோ வழி சொல்லி அச்சாபீஸ் வாசலில் வந்து நிற்கிறாள். அம்மா ஒன்றும் பேசாமல் தன் சாப்பாட்டுத் தூக்குச்சட்டியைத் திறந்து வைக்கிறாள். மகளும் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அதோடு முடிந்துவிடும். அழுகை கிடையாது, மன்னிப்பு கிடையாது. நான் முந்தின நாளே அதைத் தனியாக வாசித்து வைத்திருந்தேன்.

மகள் வாசலில் வந்து நிற்கிற வரை உள்ளபடி வாசித்தேன். அதற்குப் பிறகு கண் எழுத்தின் மேல் இருந்தது, வாய் வேறு வழியில் போயிற்று. "நீ யாரு?" என்று மகள் கேட்டாள். "நான்தான் உன் அம்மா" என்று அவள் கையை நீட்டினாள். "எனக்கு அம்மா கிடையாது. என்னைப் பெற்றவள் அன்றைக்கே செத்துப்போனாள்" என்று சொல்லி மகள் திரும்பிப் பார்க்காமல் போனாள். கோயில் மணி அடித்தது. அவள் கிணற்றங்கரைக்குப் போனாள். பெற்ற பிள்ளையை விட்டவளுக்குத் தண்ணீரும் இடம் கொடுக்காது என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். முற்றும்.

கோயில் மணியும் கிணறும் சினிமாவிலிருந்து எடுத்தது. ஆனால் ஒரு இடத்தில்கூட எனக்குத் திக்கவில்லை.

பெரியம்மா பெருமூச்சு விட்டாள். பாரம் இறங்கியவள் மாதிரி இருந்தது அந்த மூச்சு. "அதான பாத்தேன். எழுதுனவன் கடைசியில நியாயத்தச் சொல்லிட்டாம்லா" என்றாள். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். மூக்குத்தி அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாவம்தான், ஆனால் வேறு எப்படி முடியும் என்றாள். இரண்டு வாரமாக அந்தப் பெண் அவர்கள் மனசில் ஒரு முள்ளாக இருந்திருக்கிறாள். நான் பிடுங்கிப் போட்டுவிட்டேன்.

மதினி கத்தரியைக் கீழே வைத்தாள். "புத்தகத்துல அப்படி இல்ல" என்றாள்.

யாரும் முதலில் சட்டை செய்யவில்லை. அவள் எழுந்து வந்து என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, நின்றுகொண்டே வாசித்தாள். தூக்கைத் திறந்தது, மகள் சாப்பிட்டது. சொல்லுக்குச் சொல் நிறுத்தினாள். அவள் வாசித்தது கதை மாதிரியே இல்லை. முடித்ததும் மூக்குத்தி அத்தை, "இது என்ன முடிவு. வந்தாளாம், தின்னாளாம். நீயா சொல்லுத" என்றாள்.

"எழுத்து இருக்கு அக்கா. இங்கன இருக்கு பாருங்க."

"எனக்கு எழுத்தக் காட்டி என்னட்டி செய்ய?" அத்தை என் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, நீ சொல்லு. எது புத்தகத்துல இருக்கு? பச்சப்புள்ள பொய் சொல்லாது."

மதினி என்னைப் பார்த்தாள். அதட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. நான் சொல்லிவிடுவேன் என்று நம்பிப் பார்த்தாள்.

"நான் வாசிச்சதுதான் இருக்கு" என்றேன். சொந்தமாக நான் அந்த அறையில் பேசிய முதல் வாக்கியம் அது.

அந்த நேரத்தில் பெரியப்பா மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். அவர் ஒரு பத்திரம் எழுதுகிறவரிடம் வேலை பார்த்தார். எங்கள் தெருவுக்கு வருகிற கடிதம், கோர்ட்டு நோட்டீஸ், தந்தி எல்லாம் அவர் வாசித்தால்தான் வாசித்தது. அவர் சொன்னால் அதுதான் எழுத்து. மதினிக்கு அவரைப் பார்த்ததும் உயிர் வந்தது. அண்ணாச்சி, இந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் வாசிச்சுச் சொல்லுங்க என்று புத்தகத்தை நீட்டினாள். பெரியம்மா நடந்ததைச் சொன்னாள். இவ இப்படிச் சொல்லுதா, பிள்ளை அப்படிச் சொல்லுது.

பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். முந்தின பக்கத்தைப் புரட்டினார். இன்னும் இரண்டு பக்கம் பின்னால் போய்ப் பார்த்தார். திரும்பக் கடைசிப் பக்கத்துக்கு வந்தார். எனக்குக் கால் வழியாக மூத்திரம் வந்துவிடும் போல் இருந்தது. அவர் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"பிள்ள சரியாத்தான் வாசிச்சிருக்கு" என்றார். புத்தகத்தை மதினியிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. அக்குளில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

மதினி அவர் போன வாசலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த இடத்தில் அவள் பேசாமல் போயிருக்கலாம். இன்னொரு நாள், இன்னொரு வழியில் சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டு வாரமாக அவர்கள் அழுததை அவள் பார்த்திருக்கிறாள். அந்த அழுகையை அவள் நம்பினாள்.

"பிள்ள வரும்" என்றாள். "கிணறும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்கு ராயகிரில ஒரு பிள்ள இருக்கு. நானும் விட்டுட்டுத்தான் வந்தேன். அது வருது, அடுத்த வாரம் வருது." கையைத் திருப்பி வெந்த தோலைக் காட்டினாள். மூக்குத்தி அத்தையைப் பார்த்து, "ஒங்களுக்குத் தெரியுமே அக்கா, நீங்களும் செவுரப் பாத்துப் படுத்தவங்கதான" என்றாள்.

அதை அவள் ஆறுதலுக்குத்தான் சொன்னாள். அத்தையின் முகம் கல்லானதை நான் பார்த்தேன்.

"நான் செவுரப் பாத்துப் படுத்தேன். எந்திரிச்சி எவங்கூடயும் போவல" என்றாள் அத்தை.

பெரியம்மா தன் சுளகைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். இரண்டு பக்கத்திலும் இருந்தவர்கள் நகர்ந்தார்கள். சுவரோரம் மதினியைச் சுற்றி ஒரு ஆள் படுக்கிற அளவுக்குத் தரை வெறுமையாகத் தெரிந்தது. அவள் சுளகை எடுத்துக்கொண்டு போனாள். பூ வாடாமல் அப்படியே இருந்தது.

சாயங்காலத்துக்குள் மாமியாருக்குத் தெரிந்துவிட்டது. அவள் தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றியதையும் தறிக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றதையும் நீங்களே நினைத்துக்கொள்ளலாம். குழாயடியில் மதினி குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தைக் கழுவிவிட்டுத் திரும்பப் பிடித்தார்கள். அன்று ராத்திரி பெரியப்பா கை கழுவும்போது தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த என்னிடம் மெதுவாக, "கிணத்துல விழுத மாதிரி வச்சது நல்லாருந்துச்சு. எந்தப் படம்?" என்று கேட்டார். சிரித்தார். தப்பான முடிவு உள்ள புத்தகத்தைத் திருத்தியதாகத்தான் அவர் நினைத்தார் என்று இப்போது தோன்றுகிறது. அந்த முழு ஊரிலும் நான் பொய் சொன்னது தெரிந்த இரண்டு பேரில் ஒருவர் என்னை மெச்சினார். அதற்குப் பிறகு பல நாள், அவர் சவரம் செய்துவிட்டு அந்தப் புத்தகத்தின் தாள்களைக் கிழித்து பிளேடைத் துடைத்துப் போடுவதைப் பார்த்தேன். சோப்பு நுரையில் எழுத்து ஊறிக் கிடக்கும்.

வர வேண்டாம் என்று ராயகிரிக்குச் சொல்லி அனுப்ப மதினிக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. பள்ளிக்கூடம் திறப்பதற்கு மூன்று நாள் முன்னால் ஒரு கிழவியும் ஒரு சிறுமியும் பஸ்ஸில் வந்து இறங்கித் தெருவுக்குள் வந்தார்கள். மாமியார் கதவைச் சாத்திவிட்டாள். மதினி அப்போது வீட்டில் இல்லை, விறகுக்குப் போயிருந்தாள்.

பெரியம்மாதான் அவர்களை உள்ளே கூப்பிட்டாள். வெயிலில் வந்திருக்கிறீர்கள் என்று மோர் கொடுத்தாள். சிறுமிக்குக் கடையில் கலர் சோடா வாங்கிவரச் சொல்லி என்னை அனுப்பினாள். மூக்குத்தி அத்தை அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தலையைத் தடவினாள். மதினி சொன்ன மாதிரியே அடர்த்தியான முடி. அவர்கள் அந்தப் பிள்ளையிடம் நடந்துகொண்டதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அவ்வளவு பிரியம். ஒங்கம்மா ஒன்ன எத்தன வயசுல போட்டுட்டுப் போனா, தெரியுமா? ஒனக்குக் காய்ச்சல் வந்தா யாரு பாத்துக்கிட்டா? இங்கன அவளுக்கு வேற புருஷன், வேற வீடு, ஒன்ன வச்சிப்பாளா? ஒவ்வொன்றாக, மெதுவாக, கன்னத்தைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார்கள். சிறுமி கலரை உறிஞ்சிக்கொண்டே கிழவியைப் பார்த்தாள். கிழவி இருமினாள்.

மதினி ஓடி வந்தாள். தலையில் விறகுச் செத்தை ஒட்டியிருந்தது. கையில் அந்த மஞ்சள் கவுன். பெரியம்மா வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்ததால் உள்ளே வர முடியவில்லை. காலை மடக்கச் சொல்லவும் மதினிக்கு வாய் வரவில்லை.

"இவதான் ஒங்கம்மா. பாத்துக்கோ" என்றாள் மூக்குத்தி அத்தை. "இவகூட இருக்கியா, ஒங்க ஆச்சிகூடப் போறியா? நீயே சொல்லு தாயி. யாரும் ஒன்னக் கட்டாயப்படுத்தல."

சிறுமி மதினியைப் பார்த்தாள். ஒன்றரை வயதில் பார்த்த முகம். முதலில் முகத்தைப் பார்த்தாள், பிறகு கவுனை, பிறகு அந்தக் கையை. அந்தக் கையைப் பார்த்ததும் கிழவியின் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"ஆச்சிகூட" என்றாள்.

மூக்குத்தி அத்தை நிமிர்ந்து எல்லாரையும் பார்த்தாள். "புத்தகத்துல என்ன இருந்துச்சோ அப்படியே நடக்கு பாத்தியளா. அச்சுல ஏறுனது பொய்க்காதுளா" என்றாள். பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். என் அம்மாவும் போட்டுக்கொண்டாள்.

மதினி கவுனை பெரியம்மாவின் கால்களுக்கு மேலாக நீட்டினாள். கிழவி அதை வாங்கிப் பார்க்காமல் பைக்குள் திணித்தாள். வந்த பஸ்ஸே திரும்பிப் போகும், பிடித்தாக வேண்டும் என்றாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மதினி அவர்களுக்குப் பத்தடி பின்னாலேயே போனாளாம். கிட்டே போனால் சிறுமி அழுதாளாம்.

எங்கள் ஊர் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு முன்னாலேயே தறிக்காரரும் அவளும் வீட்டைக் காலி பண்ணிவிட்டு இளையரசனேந்தல் பக்கம் போய்விட்டார்கள். அங்கே அவர் அக்காள் வீட்டு மானாவாரிக் காட்டில் வேலை என்று சொன்னார்கள். போகும்போது மீதி இரண்டு புத்தகத்தையும் அவள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று பெரியம்மாவுக்கு வருத்தம். பள்ளிக்கூட நூலகத்திலிருந்து எனக்கு வேறு புத்தகம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதை வாசித்தேன். காப்பி வந்தது. பத்தாவது வரைக்கும் அந்த அறையில் வாசித்தேன். எத்தனையோ கதைகளின் முடிவை மாற்றியிருக்கிறேன். யாரும் ஒருமுறைகூடக் கண்டுபிடித்ததில்லை.

போன வருஷம் தபசுக் கூட்டத்தில் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். கோயிலில் கொடுக்கிற புற்றுமண் உருண்டையைப் பொட்டலமாகக் கட்டிக் கையில் வைத்திருந்தாள். நரைத்துவிட்டது. கண்ணில் படலம் விழுந்திருக்கிறது. கையை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். பக்கத்தில் போய் யார் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் என் முகத்தைத் தேடினாள். "நல்லாருக்கியா மக்கா. பிள்ளைக எத்தன?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் பிள்ளையைப் பற்றி நான் கேட்கவில்லை.

ஒரு பஸ் வந்து நின்றது. கூட்டம் முண்டியது. "எனக்குக் கண்ணு சரியில்ல, இது எங்கன போற பஸ்ஸுன்னு போர்டப் பாரு" என்றாள். கோவில்பட்டி, இளையரசனேந்தல் வழி என்று எழுதியிருந்தது. அப்படியே வாசித்துச் சொன்னேன்.

சரி என்று தலையை ஆட்டினாள். பிறகு எனக்குச் சங்கடம் வந்துவிடக் கூடாது என்பது போல் மெதுவாக அந்தப் பக்கம் திரும்பி, அங்கே நின்ற ஒரு காலேஜ் பெண்ணின் கையைத் தொட்டு, "தாயி, அந்த போர்டுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் வாசிச்சுச் சொல்லு" என்று கேட்டாள். அந்தப் பெண் வாசித்துச் சொன்ன பிறகுதான் ஏறினாள்.